கல்லறைக்கும் நிறமா?

லிங்கனைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அடிமை ஒழிப்பிலே இன்னும் விரைந்து நடவுங்கள் என்று அந்த லிங்கனையே உந்தித் தள்ளிய ஒருவர் உண்டு. அவர் பெயரை நாம் அதிகம் உச்சரிப்பதில்லை. தாடியஸ் ஸ்டீவன்ஸ்!

1792-ல் வெர்மாண்ட் மாநிலத்திலே பிறந்தார். ஒரு கால் ஊனம். தந்தை கைவிட்டார், தாய் பாடுபட்டுப் படிக்கவைத்தார். பென்சில்வேனியாவிலே வழக்கறிஞராகி, வாதத்தால் வளம் சேர்த்தார்.

புகழ் பாட மட்டும் நாம் பேனா எடுக்கவில்லை, தோழர்களே! 1821-ல் இதே ஸ்டீவன்ஸ், ஓர் அடிமை எஜமானுக்காக வாதாடினார். எதிரே நின்றவள் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினத் தாய். பென்சில்வேனியா மண்ணிலே ஆறு மாதம் வைக்கப்பட்ட அடிமைக்கு விடுதலை என்பது சட்டம். பல தடவை வந்து தங்கிய நாட்களைக் கூட்டிக் காட்டினாள் அவள். தொடர்ந்து ஆறு மாதம் இருந்தாளா என்று மடக்கினார் இவர். வாதம் வென்றது, தாயும் பிள்ளைகளும் மீண்டும் அடிமைகள்! அந்த வெற்றி அவர் நெஞ்சை உறுத்தியதா? பின்னர் அவர் செய்தவற்றைப் பார்த்து நாமே தீர்ப்புக் கூறலாம்.

தப்பி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றம் ஏறினார். 1835-ல் இலவசப் பள்ளிச் சட்டத்தை ஒழித்துக்கட்ட மாநிலச் சட்டமன்றம் முனைந்தபோது எழுந்து பேசினார். ஒரே பேச்சு! சாய இருந்த சட்டம் நிமிர்ந்து நின்றது. 1838-ல், வெள்ளையருக்கே வாக்கு என்று எழுதிய மாநில அரசியல் சட்டத்திலே கையெழுத்திட மறுத்தார்.

பிறகு காங்கிரசுக்குள் நுழைந்தார். நம் ஊர்க் காங்கிரசல்ல, அமெரிக்க நாடாளுமன்றம்! உள்நாட்டுப் போரிலே, 1863-ல், தென்னாட்டுப் படை அவருடைய இரும்பாலையைக் கொளுத்தியது. கொள்கை கருகவில்லை.

1865-ல் அடிமை விலங்கு ஒடிந்தது. விலங்கு ஒடிந்தால் வயிறு நிரம்புமா? பெருநிலக்காரர்களிடமிருந்து எடுத்து, விடுதலை பெற்ற ஆண்மகன் ஒவ்வொருவனுக்கும் 40 ஏக்கர் கொடுங்கள் என்றார். சொந்தக் கட்சியே பின்வாங்கிற்று. நிலம் கிடைக்கவில்லை. உழைத்தவன் பழைய எஜமானின் வயலிலேயே வாரக் குடியானவன் ஆனான். இந்தத் தோல்விதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது என்பது நம் கருத்து.

ஆனால் அவர் முன்னின்று நிறைவேற்றிய 14-வது திருத்தம் வென்றது. சட்டத்தின் பாதுகாப்பு எல்லோருக்கும் சமம் என்ற அதன் வாசகம், இந்திய அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவிலும் இடம்பெற்றிருக்கிறது.

1868 ஆகஸ்டில் மறைந்தார். லங்காஸ்டர் நகரத்து இடுகாடுகளிலே கறுப்பருக்கு இடமில்லை என்று விதி இருந்தது. அவர் புகாத இடத்திலே தமக்கும் படுக்கை வேண்டாமென்று, நிறம் பாராத ஒரு சிறு இடுகாட்டை முன்பே தேர்ந்து வைத்திருந்தார். காரணத்தையும் தாமே எழுதிவைத்தார். அது அந்தக் கல்லிலே இன்றும் பொறித்திருக்கிறது.