லிவோர்னோத் துறைமுகமும் வணிகச் சட்டத்தின் இருமுகமும்

மத்தியதரைக் கடல் வணிகத்தின் வரலாற்றில், தஸ்கனி நாட்டின் லிவோர்னோத் துறைமுகம் சமய சகிப்புத்தன்மைக்கு முன்னோடியாகப் போற்றப்படுவதுண்டு. பெருங்கோமகன் முதலாம் பெர்டினாண்டோ டி மெடிச்சி 1591இலும் 1593இலும் வெளியிட்ட ‘லிவோர்னினா’ சாசனமே அதற்கு ஆதாரம். அச்சாசனத்தை அதன் பொருளாதாரத் தளத்தினின்று பிரித்து நோக்குதல் பொருந்தாது என்பதே நமது கருத்து.

ஸ்பானியர், போர்த்துக்கேயர், கிரேக்கர், துருக்கியர், மூர்கள், ஆர்மீனியர் எனப் பல நாட்டு வணிகரையும் சாசனம் விளிக்கின்றது. ஆயினும் அது பெரிதும் கருத்திற் கொண்டது யூதரையே. ஐபீரியாவினின்று துரத்தப்பட்டும் கட்டாய மதமாற்றத்துக்கு உட்பட்டும் சிதறிய அவர்கள், கிழக்கு மத்தியதரைத் துறைகளோடு உறவும் கையிருப்பில் மூலதனமும் உடையவர்கள். அவர்களுக்கு 25 ஆண்டுப் பாதுகாப்பு உறுதியளிக்கப்பட்டது. முன்னர் கிறித்தவராக வாழ்ந்தமை பற்றிய சமய விசாரணை தவிர்க்கப்பட்டது. நிலபுலம் வாங்கும் உரிமையும், தம்முள் எழும் வழக்குகளைத் தம் தலைவர்களைக் கொண்டே தீர்க்கும் அதிகாரமும் கிடைத்தன. வேற்று நாடுகளில் முன்னர் பட்ட கடனுக்காக வழக்குத் தொடரப்படாது என்றும் கூறப்பட்டது. இவ்விதியை நாம் ஊன்றி நோக்கவேண்டும். கடனை மீட்கும் உரிமையே வணிகச் சட்டத்தின் உயிர்நிலை. புதிய மூலதனத்தை வேண்டிய ஆட்சியாளன் அவ்வுயிர்நிலையையே விட்டுக்கொடுத்தான். நட்டமடைந்தோர் பிறநாட்டுக் கடன்கொடுத்தோர்தாமே!

இது கொள்கைப் பற்றினால் விளைந்த தாராளமாயின், அதே மெடிச்சிகளின் தலைநகராகிய புளோரன்சில் யூதர் 1571 அளவிலிருந்து மதில் சூழ்ந்த தனிக்குடியிருப்பில் அடைக்கப்பட்டிருந்தமைக்கு விளக்கம் யாது? லிவோர்னோவில் அத்தகைய மதில் எழவில்லை. அங்கு அவர்கள் தேவைப்பட்டனர்.

சாசனத்துக்குப் புறத்தே நின்றோர் நிலை வேறு. பெர்டினாண்டோவின் தந்தை கொசிமோ 1560களின் தொடக்கத்தில் நிறுவிய புனித ஸ்தேபான் படையணியின் துடுப்புக் கப்பல்கள், ஒட்டோமன் கலங்களையும் வட ஆபிரிக்கக் கரையோரங்களையும் சூறையாடி முஸ்லிம்களைச் சிறைப்பிடித்தன. அவர்கள் லிவோர்னோவுக்குக் கொணரப்பட்டு, அடிமைச் சிறையில் வைக்கப்பட்டனர், விற்கப்பட்டனர், அல்லது துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டனர். மீட்புப்பணப் பேரமும் ஒரு வணிகமாயிற்று. லிவோர்னோ யூத வணிகரிற் சிலரும் அதில் இடைத்தரகராயினர். பண்டங்களோடு வந்த துருக்கியன் சாசனத்தின் விருந்தாளி. கடலிற் பிடிபட்ட துருக்கியனோ பண்டம்.

துறைமுகத்தருகே இன்றும் நிற்கும் பெர்டினாண்டோ சிலையின் பீடத்தைச் சுற்றி, பியெத்ரோ தாக்கா 1620களில் வடித்த நான்கு வெண்கல உருவங்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டுள்ளன. நகரத்தார் அதனை ‘நான்கு மூர்கள்’ என்றே அழைக்கின்றனர். கோமகனின் பெயரால் அன்று.