திரும்பப் பெறப்படும் பொருட்களும் நம் பொறுப்பும்

 



பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முறை கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது.

அந்த ஈரத்தைக் கையால் அறிய முடிந்தது. இன்றைய பொருட்களில் உள்ள கேட்டையோ கண்ணாலும் நாவாலும் அறிய இயலாது. அரசின் எச்சரிக்கை அறிவிப்பே நமக்கு அந்தக் கையாக இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் நடந்தது

2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சளி, இருமலுக்காக மருந்து கொடுக்கப்பட்ட பிஞ்சுக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தனர். இறந்தோர் இருபதுக்கும் மேற்பட்டோர். அந்த 'கோல்ட்ரிஃப்' மருந்து நம் தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. எஸ்.ஆர்-13 என்ற தொகுதியைத் தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தபோது, அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம் மட்டுமே. அக்டோபர் 1 முதல் தமிழகத்தில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது; அதே மாதம் 13ஆம் தேதி நிறுவனத்தின் உரிமமும் ரத்தானது. அந்த நச்சு நிறமற்றது, இனிப்பானது. தாய்மார்கள் அதனை எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

தடை விதித்தவுடன் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 1937இல் அமெரிக்காவில் இதே நச்சு கலந்த மருந்து 240 காலன் தயாரிக்கப்பட்டது. அதிகாரிகள் ஊர் ஊராக அலைந்து 234 காலனுக்கும் மேல் மீட்டனர். மீட்க முடியாமல் போனது ஆறு காலனுக்கும் குறைவு. மாண்டவர்களோ நூற்றுக்கும் அதிகம். கடையிலிருந்து அகற்றுவது அரசின் வேலை. வீட்டு அலமாரியிலிருந்து அகற்றுவது நம் வேலை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, செய்தியை உறுதி செய்யுங்கள். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. கைபேசியில் வந்ததையெல்லாம் பரப்பினால் குற்றமற்ற வியாபாரியின் பிழைப்பு கெடும். அரசு அறிவிப்பைப் பாருங்கள்; பொருளின் பெயர், நிறுவனம், தொகுதி எண் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். உறுதியாகும் வரை அதனைப் பயன்படுத்தாதீர்கள். ஆனால், அன்றாடம் உட்கொள்ளும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளாக இருந்தால் தாமாகவே நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

இரண்டாவதாக, ரசீதுடன் வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள். சாக்கடையிலோ குப்பையிலோ ஊற்றாதீர்கள். பொருளைத் திரும்பப் பெறவும் விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிட, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் அளித்துள்ளது. கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

மூன்றாவதாக, குழந்தை அதனைக் குடித்திருந்து, சிறுநீர் குறைந்தாலோ வாந்தி கண்டாலோ ஒரு வேளையும் தாமதிக்க வேண்டாம். ஆண்டிபட்டியினருக்கு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

வீண்விரயமா?

"காசு கொடுத்து வாங்கியதை எறிவது வீண்விரயம் அல்லவா?" எனச் சிலர் கேட்கின்றனர். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்வதைத் தடுத்திருக்கிறான் இறைவன். உயிரைக் காக்கப் பொருளை இழப்பது விரயமாகாது. வேறு சிலர், வீட்டு வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணிடம் அதனைக் கொடுத்துவிடுகின்றனர். நாம் கண்ணை மூடிக்கொண்டே அன்றி வாங்கமாட்டாத மட்டமானதைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயம் (2:267) எச்சரிப்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அவள் பிள்ளையும் பிள்ளைதானே!

வியாபாரச் சகோதரர்களே! தடை செய்யப்பட்ட சரக்கை "இருப்பு தீரட்டும்" என்று தள்ளிவிடுவது, ஈரத்தை அடியில் மறைப்பதைவிடக் கொடியது. நட்டம் வந்தாலும் அன்றே எடுத்து வைத்துவிடுங்கள். வாங்கிச் சென்றவர் தெரிந்தவராயின் வீடு தேடிச் சென்று சொல்லுங்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதே தர்மம் என்றால், ஒரு குழந்தையின் வாயருகே இருக்கும் நஞ்சை அகற்றுவது எத்தகைய தர்மம்!

இன்றே உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெயரும் தொகுதி எண்ணும் அழிந்துபோன புட்டிகளை ஒதுக்குங்கள். அல்லாஹ் தஆலா நம் மக்களையும் பிறர் மக்களையும் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.