ஓரத்தில் தொலையும் பார்வை

தி.நகர் ரங்கநாதன் தெருவில் இடிபடாமல் நடந்தவர் யாருமில்லை. ஆனால் ஆளில்லாத தெருவிலும் ஒருவர் கதவு நிலையிலும் தூணிலும் இடித்துக்கொண்டே போனால்? மயிலாப்பூர் மாட வீதியில் ஸ்கூட்டர் ஓட்டும்போது, பக்கத்தில் ஆட்டோ திடீரென்று முளைத்தது என்று அடிக்கடி சொன்னால்? கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை அவர் படித்துவிடுவார். "பவர் சரியா இருக்கு சார்" என்று அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பலகை சோதிப்பது நடுப்பார்வையை மட்டும். இவருக்குக் குறைவது ஓரப்பார்வையாக இருக்கலாம்; அதற்கு ஒரு காரணம் கண்ணிலேயே இல்லை.

மூக்கின் வேருக்குப் பின்னால், மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. அதற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே இரு கண் நரம்புகளும் சந்திக்கின்றன. வெளிப்பக்கக் காட்சியைச் சுமந்துவரும் இழைகள் பக்கம் மாறுவது அங்கேதான். சுரப்பியில் கட்டி வளர்ந்து கீழிருந்து முட்டினால் முதலில் நசுங்குவதும் அவையே. வெளிப்பக்க மேல் மூலையில் தொடங்கி இரு ஓரங்களும் மங்கும்; ஜட்கா குதிரைக்குக் கண்பட்டை கட்டினாற்போல. பெரும்பாலும் கண்ணில் வலி இருக்காது. ஒரு கண் விட்டதை மற்றது ஓரளவு ஈடுகட்டுவதால் சீக்கிரம் பிடிபடாது.

கண்டுபிடிக்க முதலில் இரண்டு விரல் போதும். மருத்துவர் எதிரே உட்கார்ந்து, "ஒரு கண்ணை மூடிக்கிட்டு நேரா என் மூக்கைப் பாருங்க" என்பார். ஓரத்திலிருந்து விரலை ஆட்டியபடி உள்ளே கொண்டுவருவார். சிலர் சிவப்பு பாட்டில் மூடியைக் காட்டுவார்கள். நடுக்கோட்டைத் தாண்டி வெளிப்பக்கம் போனதும் சிவப்பு வெளுத்தால் சந்தேகம். அடுத்து 'ஃபீல்டு டெஸ்ட்', அதாவது பார்வைப் பரப்புச் சோதனை. கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அலுப்பான வேலைதான், நடுவில் கண்ணயர்ந்துவிடுகிறவர்களும் உண்டு.

ஓரப்பார்வை குறைந்தாலே கட்டி என்றில்லை, கிளாக்கோமா என்ற கண் நரம்பு நோயாகவும் இருக்கலாம். 1819-ல் ராயப்பேட்டையில் தொடங்கிப் பிறகு எழும்பூருக்கு மாறியது சென்னை அரசு கண் மருத்துவமனை. 1904-ல் அதன் பொறுப்பேற்ற ராபர்ட் ஹென்றி எலியட், கிளாக்கோமாவுக்குச் செய்த துளையிடும் அறுவையால் உலகப் புகழ் பெற்றார். கிளாக்கோமாவும் பார்வைப் பரப்பைத்தான் தின்னும். ஆனால் அதன் கறுப்புத் திட்டு பெரும்பாலும் மூக்குப் பக்கம் தொடங்கி, படுக்கைக் கோட்டில் நிற்கும். நரம்புச் சந்திப்பு நசுங்கினால் செங்குத்துக் கோட்டில் நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், கிளாக்கோமா என்று நினைத்து வருடக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தால் கட்டிதான் வளரும்.

செங்குத்துக் கோடு தெரிந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய காலத்தில் அந்த வசதி கிடையாது. பார்வைப் பரப்பின் வரைபடமே பெரிய துப்பு. இன்று புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்குகிறது. மற்றவற்றைப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். நரம்பு வெளுத்துப்போகும் முன்பு அழுத்தம் நீங்கினால் பார்வை திரும்ப நல்ல வாய்ப்புண்டு.

தாங்க முடியாத தலைவலியோடு பார்வை சட்டென மங்கினால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மற்றபடி, கண்ணாடி மாற்றியும் இடிப்பது நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஃபீல்டு பாத்தீங்களா டாக்டர்?"