சிறு தீவுகளும் பெருங்களமும்

நுழையும்முன்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியை உலகின் பெரும்பகுதி கண்டு மகிழ்கிறது. அப்போட்டிக்குள் நுழைவதற்காக, ஈராண்டுகளுக்கும் மேலாக நடைபெறும் தகுதிச்சுற்றுகள் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. வரைபடத்தில் புள்ளியளவே தெரியும் தீவு நாடுகளும் பெருநாடுகளும் ஒரே விதியின்கீழ் மோதிக்கொள்ளும் இடம் அது. அங்கே தோற்றவர்களின் கதையும் வென்றவர்களின் கதையும் விளையாட்டைக் கடந்த உண்மை ஒன்றை உணர்த்துகின்றன.

களமும் விதியும்

பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவில் 211 உறுப்பினர்கள் உள்ளனர். அதன் பேரவையில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு வாக்கு மட்டுமே உண்டு. 140 கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட இந்தியாவுக்கும் ஒரு வாக்குதான். ஓரிரு இலட்சம் மக்கள் வாழும் தீவுக்கும் ஒரு வாக்குதான். தகுதிச்சுற்றிலும் இந்தச் சமன்மை தொடர்கிறது. களத்தில் இருபுறமும் பதினொருவர், ஆட்ட நேரம் தொண்ணூறு நிமிடங்கள், பந்து ஒன்றே.

உறுப்பு நாடுகள் ஆறு கண்டக் கூட்டமைப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கூட்டமைப்பும் தனக்குரிய தகுதிச்சுற்றை நடத்துகிறது. 2022 வரை 32 அணிகள் ஆடிவந்த உலகக்கோப்பை, 2026 முதல் 48 அணிகளுக்கு உரியதாக விரிவாக்கப்பட்டது. இதனால் ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்களும், பசிபிக் தீவுகளை உள்ளடக்கிய ஓசியானியாவுக்கு ஒரு நேரடி இடமும் கிடைத்தன. இவ்விரிவாக்கத்தால் சிறு நாடுகளுக்கு எட்டாக் கனியாக இருந்த வாய்ப்பு, கைக்கெட்டும் தொலைவுக்கு வந்தது.

முப்பத்தொரு கோல்கள்

2001ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர் நகரில் நடைபெற்ற ஆட்டம், தகுதிச்சுற்று வரலாற்றில் மறக்க முடியாதது. பசிபிக் பெருங்கடலில் உள்ள அமெரிக்கச் சமோவா என்னும் தீவுப் பகுதியின் அணியை ஆஸ்திரேலியா 31–0 என்ற கணக்கில் வென்றது. ஆர்ச்சி தாம்சன் என்னும் வீரர் மட்டும் 13 கோல்களை அடித்தார். பன்னாட்டு ஆட்டங்களில் அதுவரை காணாத பெருந்தோல்வியாக அது பதிவாயிற்று.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த சூழலையும் அறிதல் வேண்டும். அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் மட்டுமே ஆடலாம் என்ற விதியால், முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களுள் கோல் காப்பாளர் நிக்கி சலாப்பு ஒருவரே தகுதி பெற்றார். இருபது வயதுக்குட்பட்டோர் அணியைக் கொண்டு நிரப்பலாம் என்றால், அவ்வீரர்கள் பலருக்கும் பள்ளித் தேர்வு குறுக்கிட்டது. இறுதியில் பதினைந்து வயதுச் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டு ஓர் அணி களமிறங்கியது. தொழில்முறை வீரர்களை அந்த மாணவர்கள் எதிர்கொண்டனர்.

இத்தகைய ஆட்டங்கள் யாருக்குப் பயன்படும் என்ற வினா எழுந்தது. வலிமை குறைந்த அணிகள் முதலில் தமக்குள் மோதி, வென்றவை மட்டும் அடுத்த சுற்றுக்கு வரட்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 2006இல் ஆஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்புக்கு மாறியது. ஓசியானியாவில் சிறு அணிகளுக்கெனத் தொடக்கச் சுற்று அமைந்தது.

அந்தத் தொடக்கச் சுற்றில்தான் 2011 நவம்பரில் அமெரிக்கச் சமோவா, டோங்காவை 2–1 என்ற கணக்கில் வென்றது. தாமஸ் ராங்கென் என்ற பயிற்றுநர் அணியை வழிநடத்தினார். பன்னாட்டுக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆட்டங்களில் அவ்வணி ஈட்டிய முதல் வெற்றி அது. அன்றும் கோல் வாயிலில் நின்றவர் நிக்கி சலாப்பு. முப்பத்தொரு முறை பந்து தம்மைக் கடந்து செல்லக் கண்ட அவர், பத்தாண்டுகளுக்குப் பின் வெற்றியையும் களத்தில் நின்றே கண்டார்.

ஐம்பத்தொன்பதிலிருந்து சுழியத்துக்கு

இதே போன்ற ஒரு பயணம் தமிழகத்துக்கு மிக அருகிலேயே நிகழ்ந்துள்ளது. இந்தியாவின் தென்மேற்கே, ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகளால் ஆன நாடு மாலத்தீவு. அதன் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஒரு கால்பந்துத் திடலுக்கு வேண்டிய சமநிலம் அங்கே பெருஞ்செல்வத்துக்கு ஒப்பானது. தலைநகர் மாலேயில் வீடுகளுக்கு நடுவே அமைந்த தேசிய விளையாட்டரங்கமே அந்நாட்டின் முதன்மைக் களம்.

1998 உலகக்கோப்பைக்கான தகுதிச்சுற்று 1997இல் நடந்தபோது மாலத்தீவு ஆறு ஆட்டங்களில் ஆடியது. ஆறிலும் தோற்றது. அடித்த கோல் ஒன்றுமில்லை. வாங்கிய கோல்கள் 59. ஜூன் 2 அன்று ஈரான் அணி 17–0 என்று வென்றது. இவ்வளவு தோற்றபின் ஓர் அணி போட்டியிலிருந்தே ஒதுங்கியிருந்தாலும் வியப்பில்லை.

மாலத்தீவு ஒதுங்கவில்லை. அதே ஆண்டில் காட்மாண்டுவில் நடந்த தெற்காசியப் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்றது. 2003இலும் அப்போட்டியின் இறுதியாட்டத்தை எட்டியது. தன்னை ஒத்த வலிமை கொண்ட அணிகளோடு ஆடக் கிடைத்த வாய்ப்பு அதன் வளர்ச்சிக்கு உரமாயிற்று. 2006 உலகக்கோப்பைக்கான தகுதிச்சுற்றில் மங்கோலியாவை 12–0 என்று வென்று அடுத்த சுற்றுக்கு முன்னேறியது.

அந்தச் சுற்றில், 2004 மார்ச் 31 அன்று தென்கொரிய அணி மாலேக்கு வந்தது. ஈராண்டுகளுக்கு முன் உலகக்கோப்பையின் அரையிறுதியை எட்டிய அணி அது. தொண்ணூறு நிமிடங்கள் முடிந்தபோது ஆட்டம் 0–0 என்று சமநிலையில் நின்றது. ஏழாண்டுகளுக்கு முன் 59 கோல்களைத் தடுக்க இயலாத நாடு, உலகின் முன்னணி அணியை ஒரு கோலும் அடிக்கவிடாமல் தடுத்தது. இதன் தாக்கம் சியோல் வரை எட்டியது. கொரிய அணியின் பயிற்றுநர் சில வாரங்களுக்குள் பதவி விலகினார்.

தொடர்ந்து 2008இல் கொழும்பிலும் 2018இல் டாக்காவிலும் நடந்த தெற்காசியப் போட்டிகளின் இறுதியாட்டங்களில் இந்தியாவை வென்று மாலத்தீவு வாகை சூடியது. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழிக்கு அந்நாடு எடுத்துக்காட்டாயிற்று.

மக்கள்தொகை மட்டும் போதாது

மாலத்தீவைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு மக்களைக் கொண்ட தீவு நாடு இலங்கை. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியப் போட்டியில் இந்தியாவை வென்று வாகை சூடியது அது. ஆனால் 2013இல் அதே போட்டியில் மாலத்தீவிடம் 10–0 என்று தோற்றது. அலி அஷ்ஃபாக் என்னும் மாலத்தீவு வீரர் ஒருவரே ஆறு கோல்களை அடித்தார்.

இலங்கையில் கால்பந்து ஆர்வத்துக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய தமிழ்ப் பகுதிகளில் கால்பந்து மக்களின் விளையாட்டாகவே விளங்குகிறது. நீண்ட போர் அப்பகுதிகளின் இளைஞர்களையும் திடல்களையும் ஒருசேரப் பாதித்தது. யாழ்ப்பாணத்தின் துரையப்பா விளையாட்டரங்கம் இந்திய அரசின் நிதியுதவியால் புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

களத்துக்கு வெளியே நிகழ்ந்த குறைகளும் தடையாயின. நிருவாகத்தில் வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறி, ஃபிஃபா 2023 ஜனவரியில் இலங்கைக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. ஆகஸ்டில் அத்தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் பெங்களூருவில் நடந்த தெற்காசியப் போட்டியில் இலங்கை ஆட இயலவில்லை. நிருவாகத்தின் பிழைக்கு வீரர்கள் விலை கொடுக்க நேர்ந்தது.

இந்தியாவின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1950இல் பிற அணிகள் விலகியதால் இந்தியா ஆடாமலேயே உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது, எனினும் பங்கேற்கவில்லை. அதன்பின் இன்றுவரை அந்த வாயிலைக் கடக்க முடியவில்லை. 2026 உலகக்கோப்பைக்கான தகுதிச்சுற்றின் இரண்டாம் கட்டத்திலேயே இந்தியா வெளியேறியது.

பனித்தீவின் பாடம்

அப்படியாயின் வெற்றி எதனால் வருகிறது? ஐஸ்லாந்து இதற்கு விடை தருகிறது. 2018 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றபோது அதன் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றரை இலட்சம். ஆண்டின் பல மாதங்கள் பனியும் கடுங்காற்றும் நிறைந்த அத்தீவில் திறந்தவெளியில் ஆடுவதே கடினம். ஆகவே 2000ஆம் ஆண்டு முதல் கூரையிட்ட முழு அளவு உள்ளரங்கத் திடல்கள் கட்டப்பட்டன. சிறுவர்களுக்கும் முறையான சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்களே பயிற்சியளித்தனர்.

இவ்வாறு வளர்ந்த தலைமுறை 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2–1 என்று வென்றது. 2018 உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவோடு 1–1 என்று சமன் செய்தது. அந்த ஆட்டத்தில் மெஸ்ஸியின் பெனால்டி உதையைத் தடுத்த கோல் காப்பாளர் ஹன்னஸ் ஹால்டோர்சன், திரைப்பட இயக்குநராகவும் பணிபுரிந்தவர். அணியின் பயிற்றுநர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன் ஒரு பல் மருத்துவர். ஆள்வளம் குறைந்த நாட்டில் ஒருவரே பல பணிகளைச் செய்ய வேண்டியிருப்பதை இது காட்டுகிறது.

கடல் கடந்த உறவுகள்

2025ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் சாதனையும் கடக்கப்பட்டது. கரீபியக் கடலில் உள்ள குராசோ, நவம்பர் 18 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 0–0 என்று சமன் செய்து 2026 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதன் பரப்பு 444 சதுர கிலோமீட்டர்; மக்கள்தொகை ஏறத்தாழ 1.56 இலட்சம். பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த திருப்பூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 24.79 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அதாவது, திருப்பூர் மாவட்ட மக்களில் பதினாறில் ஒரு பங்கினரைக் கொண்ட தீவு, இறுதிக்கட்டத்தில் ஆறு ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் உலகக்கோப்பையை எட்டியது. அதற்கு முந்தைய மாதம் ஏறத்தாழ ஐந்தேகால் இலட்சம் மக்கள் வாழும் ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயும் கேமரூனைப் பின்தள்ளித் தகுதி பெற்றது.

குராசோ, நெதர்லாந்து முடியாட்சிக்குள் அடங்கிய தன்னாட்சி நாடு. அதன் வீரர்களுள் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து, அங்குள்ள கழகங்களில் பயிற்சி பெற்றவர்கள். பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி பிறந்த மண்ணுக்காக ஆட விதி இடமளிக்கிறது. இது தீவின் வெற்றியா, நெதர்லாந்துப் பயிற்சிக்கூடங்களின் வெற்றியா என வினவுவோர் உண்டு. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் மக்கள், தம் முன்னோரின் ஊருக்குத் திறமையைத் திருப்பித் தருகின்றனர் என்பதே அதற்கான விடை. எனினும், உள்ளூர்த் திடல்களை மறந்துவிட்டால் அவ்வெற்றி நிலைக்காது என்னும் எச்சரிக்கையும் புறந்தள்ளத்தக்கதன்று.

இலங்கையும் இவ்வழியை நாடியுள்ளது. ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளியினர் அண்மைக்காலமாக அதன் அணியில் ஆடுகின்றனர். புலம்பெயர்ந்த தமிழர்களின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். 2024 செப்டம்பரில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கம்போடியாவைப் பெனால்டி உதைகளின் வழியே வென்று இலங்கை முன்னேறியது.

எஞ்சி நிற்கும் வினா

சிறு அணிகளுக்கெனத் தனிச்சுற்று அமைத்ததால் பெருந்தோல்விகள் குறைந்தன; ஒத்த வலிமையுடையோர் மோதும் நிலை உருவாயிற்று. ஆயினும் அதற்கு மறுபக்கமும் உண்டு. 2026 உலகக்கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்றின் முதல் கட்டத்தில், 2023 அக்டோபரில் இலங்கை யேமனிடமும் மாலத்தீவு வங்கதேசத்திடமும் தோற்றன. ஒவ்வோர் அணிக்கும் கிடைத்தவை இரண்டே ஆட்டங்கள். அத்துடன் அவற்றின் உலகக்கோப்பைக் கனவு அடுத்த நான்காண்டுகளுக்குத் தள்ளிப்போயிற்று. வலிமை மிக்க அணிகள் மேலும் பல ஆட்டங்கள் ஆடி வலிமை பெறுகின்றன. ஆட்டப் பழக்கம் மிகுதியும் தேவைப்படும் அணிகளே மிகக் குறைவாக ஆடுகின்றன.

எனவே சிறு அணிகளை விலக்குவது தீர்வாகாது. அவற்றுக்கு ஆடும் வாய்ப்பைப் பெருக்குவதே தீர்வு. சமமான விதி களத்தின் வாயிலைத் திறந்துவிடும். உள்ளே சென்றபின் நிலைத்து நிற்கத் திடலும் பயிற்றுநரும் நேர்மையான நிருவாகமும் தொடர்ந்து ஆடும் வாய்ப்பும் வேண்டும். இவை வாய்த்தால் ஒன்றரை இலட்சம் பேர் போதும். வாய்க்காவிடில் நூறு கோடிப் பேரும் போதார்.

தெரிந்து தெளிவோம்

பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழப் பதினோராயிரம். அது ஃபிஃபாவில் உறுப்பினர் அன்று. எனினும் 2007இல் நடந்த தென்பசிபிக் விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்து ஆட்டங்கள் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றாகவும் கொள்ளப்பட்டதால், உறுப்பினராகாமலே தகுதிச்சுற்றில் ஆடிய நாடு என்ற பெயரைத் துவாலு பெற்றது. அப்போட்டியில் டஹிட்டி அணியோடு 1–1 என்று சமன் செய்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊராட்சி அல்லது நகரப் பகுதியில் உள்ள விளையாட்டுத் திடல்களின் எண்ணிக்கை, பரப்பு, பயன்பாடு ஆகியவற்றைத் திரட்டி அறிக்கை உருவாக்குக.

2. 'வலிமை குறைந்த அணிகளுக்குத் தனிச்சுற்று தேவை' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. மாலத்தீவு அணி 1997 முதல் 2018 வரை கண்ட மாற்றத்தைக் காலக்கோடாக வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.