மைக்செட் லைனும் வீட்டு ஸ்டீரியோ ஒயரும்

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் உற்சவமாயினும், திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடைபெறும் பாரதக் கூத்தாயினும், செஞ்சி வட்டாரத்தில் ஒலிபெருக்கியின்றித் திருவிழா நடப்பதில்லை. மைக்செட் தொழிலாளர்கள் ஆம்ப்ளிஃபயரைப் பந்தலில் வைத்து, கூம்புக் குழாய்களை ஊர் எல்லை வரையுள்ள மரங்களிலும் கம்பங்களிலும் கட்டி, இரண்டையும் நீண்ட ஒயரால் இணைக்கின்றனர். அத்தனை தொலைவுக்கும் மெல்லிய ஒயரே போதுமானதாக இருப்பதற்குக் காரணம் 100 வோல்ட் லைன் முறை. 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட் ஆற்றலை நேரடியாக அனுப்ப ஏறத்தாழ 3.5 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. அதையே 100 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் 1 ஆம்பியர் போதும். ஒயரில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. குழாயோடு பொருத்தப்பட்ட சிறு டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை மீண்டும் இறக்கிக் கொடுக்கிறது.

வீட்டு ஸ்டீரியோவில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. மின்னோட்டம் முழுவதும் ஒயர் வழியாகவே ஓடுவதால் ஒயரின் பருமன் இங்கே முக்கியமாகிறது. ஆனால் தொலைவோ சில மீட்டர்தான். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நோயல் லீ என்பவர் மான்ஸ்டர் கேபிள் என்ற பெயரில் தடித்த ஸ்பீக்கர் ஒயரைத் தனிச் சரக்காக விற்கத் தொடங்கும்வரை, மேசை விளக்குக்குப் பயன்படும் சாதாரண ஒயரைத்தான் அங்கும் பலர் ஸ்பீக்கருக்குப் பூட்டினர். பின்னர் வளர்ந்த சந்தையில் ஸ்பீக்கரைவிட விலை கூடிய ஒயர்களும் வந்துவிட்டன. அந்த விலைக்கு ஈடான பயன் காதுக்குக் கிடைப்பதில்லை என்பதை எளிய கணக்கே காட்டிவிடும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் மின்சாமான் கடைகளில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃப்ளெக்ஸிபிள் ஒயரின் மின்தடை, கிலோமீட்டருக்கு உயர்ந்தபட்சம் ஏறத்தாழ 13.3 ஓம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கருக்குப் போக 5, வர 5 என மொத்தம் 10 மீட்டர் கம்பி தேவைப்படுவதால், தடை 0.133 ஓம் ஆகிறது. இது 8 ஓமில் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஒலியளவில் நேரும் குறைவு 0.14 டெசிபல் மட்டுமே, அதாவது செவிக்கு எட்டாத அளவு. மொத்தக் கம்பியின் தடை ஸ்பீக்கர் தடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பலரும் ஏற்கும் வரம்பு. அதன்படி 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதே ஒயர் 15 மீட்டர் தொலைவு வரை தாங்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதில் பாதி. அதற்கும் மேல் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குப் போகலாம்.

பருமனைவிடக் கவனிக்க வேண்டியது உலோகம். ஸ்பீக்கர் ஒயர் என்றே விற்கப்படும் மலிவான சிவப்பு-கறுப்பு ஒயர்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினிய இழைகள். இவற்றின் தடை, அதே பருமனுள்ள செம்பைவிட ஒன்றரை மடங்கு அதிகம் என்பதோடு, சில முறை வளைத்தாலே இழைகள் ஒடிந்துவிடும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உண்மை வெளிப்படும்: செம்பாயின் உள்ளும் சிவந்தே இருக்கும், அலுமினியமாயின் வெள்ளை தெரியும்.

நல்ல செம்பு ஒயரைக் கொண்டு ஸ்பீக்கர் ஒயரை நாமே தயாரிக்கும் செய்முறை கடினமானதன்று. சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒற்றை ஒயர்களைத் தேவையான நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டி, ஒரு முனையைக் கதவுக் கொண்டியில் இறுக்கிக் கட்டி, மறுமுனையை டிரில்லிங் மெஷினின் வாயில் கவ்வவிட்டு மெதுவாகச் சுழற்றினால், இரண்டும் சீராக முறுக்கிக்கொள்ளும். போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒட்டியே செல்வதால் மின்தூண்டல், அதாவது உயர்ந்த அதிர்வெண்களைச் சிறிதளவு தடுக்கும் பண்பு, குறைகிறது. முனைகளில் ஒரு சென்டிமீட்டர் உறையை நீக்கி, இழை அறாமல் முறுக்கி, பனானா பிளக்கில் செருகித் திருகை இறுக்க வேண்டும். திருகின் அடியில் செல்லும் முனைக்கு ஈயம் வைக்காமலிருப்பது நல்லது. மென்மையான ஈயம் நாளடைவில் நசுங்கித் திருகு தளர்ந்துவிடும்.

இரு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்ந்தாக வேண்டும். ஒன்றில் மாறினாலும் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்க, மிருதங்கத்தின் தொப்பியொலி போன்ற கீழ்த்தாயி ஒலிகள் மெலிந்துவிடும். ஐயமிருப்பின், ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய ஒயர் முனைகளில், சிவப்பில் நேர்முனை படுமாறு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால், பெரிய கூம்பு வெளிப்பக்கம் துள்ள வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயரின் நுனியில் வீட்டு மின்சாரத்துக்கான டூ-பின் பிளக்கை மட்டும் ஒருபோதும் பொருத்தக் கூடாது. தவறுதலாக அதை யாரேனும் சுவர் சாக்கெட்டில் செருகினால் 230 வோல்ட் நேராக ஸ்பீக்கரில் பாய்ந்து தீப்பிடிக்கவும், மறுமுனையைத் தொட்டவரின் உயிருக்கே ஆபத்து நேரவும் கூடும்.