முதலில் படம், பிறகு மின்சாரம்



கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் இருக்கிறது நாவுல. அங்கே ஒரு பழைய வீட்டில், தூசி படிந்த பெட்டி ஒன்று உங்கள் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத் தட்டின்மேல் இரண்டு கண்ணாடி வால்வுகள், செம்புக்கம்பிச் சுருள், ஊசி ஆடும் ஒரு மீற்றர், பக்கத்தில் ஒரு தந்திச் சாவி. கம்பனிப் பெயர் எங்கும் இல்லை. தட்டில் உள்ள துளைகள்கூட அரத்தால் ராவியவை. பொழுதுபோக்காக வானொலியில் செய்தி பரிமாறும் ஹாம் வானொலிக்காரர் யாரோ ஒருவர் தன் கையாலேயே செய்த அலைபரப்பி அது.

வீட்டில் செய்ததுதானே என்று இளப்பமாக நினைத்துவிடாதீர்கள். இலங்கையின் ஒலிபரப்பே அப்படித்தான் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்தவர் எட்வர்ட் ஹார்ப்பர். அவருடைய பொறியியலாளர்கள், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாமான்களைக் கொண்டு சிறிய அலைபரப்பி ஒன்றைச் செய்தார்கள். 1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சின்ன அறையொன்றிலிருந்து கிராமபோன் இசை காற்றில் ஏறியது. முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது.

சரி, நம் பெட்டிக்கு வருவோம். அதற்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு படிகம். குவார்ட்ஸ் கல்லிலிருந்து மெல்லிய வில்லையாக வெட்டியது. மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும். வில்லை எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு வேகமாக அதிரும். ஹாம் வானொலிக்காரர்கள் பெரிதும் விரும்புவது ஒரு செக்கனுக்கு 70 இலட்சம் தடவை, அதாவது 7 மெகாஹேர்ட்ஸ் மீடிறன். வானொலி அலையும் ஒளியின் வேகத்திலேயே, ஒரு செக்கனில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் ஓடுகிறது. அதை 70 இலட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 43 மீற்றர் வரும். அதுதான் அந்த அலையின் நீளம். ‘40 மீற்றர் வரிசை’ என்று அவர்கள் தோராயமாகச் சொல்வது இதைத்தான். அதில் பாதியளவு நீளக் கம்பியை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினால் வான்கம்பி தயார்.

படிகத்தின் அதிர்வு மிகவும் மெலிந்தது. அதைப் பலப்படுத்துவதுதான் வால்வின் வேலை. வால்வுக்குள் காற்று இல்லை. சூடேறிய கதோட்டு என்ற முனையிலிருந்து இலத்திரன்கள் கிளம்பி, அனோட்டு என்ற மறுமுனையை நோக்கிப் பாய்கின்றன. நடுவே கிறிட் என்ற கம்பிவலை நிற்கிறது. நாவுலவுக்கு அருகிலுள்ள போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் ஒரு கதவைச் சிறிது அசைத்தாலே பெருவெள்ளம் கட்டுப்படும் அல்லவா? கிறிட் செய்வதும் அதையே. அதில் தரும் சிறிய மின்னழுத்தம், அனோட்டுக்குப் போகும் பெரிய ஓட்டத்தை ஆட்டிவைக்கிறது. 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட்தான் இந்த மூன்றாவது உறுப்பை வால்வுக்குள் வைத்தவர்.

வீட்டில் செய்த அலைபரப்பிகளில் அடிக்கடி காண்பது 807 என்ற வால்வு. ஆர்சிஏ நிறுவனம் 1930களில் வெளியிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஏராளமாகப் பயன்பட்டதால், போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்தது. அதன் உச்சந்தலையில் சிறிய உலோகத் தொப்பி ஒன்று உண்டு. ஐந்நூறு, அறுநூறு வோல்ற்று அந்தத் தொப்பியில்தான் நிற்கும்!

இனிப் பழுதுபார்ப்பு. பழைய பெட்டி கிடைத்ததும் கை துறுதுறுக்கும். பிளக்கைச் செருகிப் பார்க்கத் தோன்றும். அதைமட்டும் செய்யக்கூடாது. மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் உறுப்புகள் கொள்ளளவிகள். பல வருடம் சும்மா கிடந்த மின்பகு கொள்ளளவிகளில், அலுமினியத் தகட்டின்மேல் இருந்த மெல்லிய ஒட்சைட்டுப் படலம் நலிந்திருக்கும். முழு மின்னழுத்தமும் ஒரேயடியாக வந்தால் அவை சூடேறி வெடிக்கலாம். மெழுகுக் காகிதக் கொள்ளளவிகள் ஈரம் குடித்து மின்சாரத்தைக் கசியவிடும். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடையிகளின் பெறுமானம் மாறியிருக்கும்.

ஆகவே முதல் வேலை, படம் வரைவது. கடையில் வாங்கிய வானொலிக்கு வரைபடம் கிடைக்கும். கையால் செய்ததற்கு அதைச் செய்தவரின் மூளைதான் வரைபடம். ஒவ்வொரு கம்பியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துத் தாளில் வரைய வேண்டும். ‘இந்தத் தடையியை ஏன் இங்கே வைத்தார்?’ என்று கேட்டுக்கேட்டு வரையும்போது, முன்பின் பார்த்திராத ஒருவர் யோசித்த விதம் நமக்குப் புரியத் தொடங்கும்.

அடுத்தது வால்வைப் பார்ப்பது. கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளிபோல மினுங்கும் பூச்சு இருந்தால் நல்லது. அது பால்வெள்ளையாகிவிட்டதா? உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. வால்வு இனி உதவாது. கெட்ட கொள்ளளவிகளை மாற்றும்போது, சிலர் பழைய கூட்டைக் குடைந்து புதியதை உள்ளே ஒளித்துவைப்பார்கள். தோற்றம் கெடாது.

கடைசியாகத்தான் மின்சாரம், அதுவும் மெல்ல மெல்ல. வான்கம்பிக்குப் பதிலாக முதலில் இழை மின்குமிழ் ஒன்றைப் பொருத்துவார்கள். தந்திச் சாவியை அழுத்திக்கொண்டே, சுருளோடு இணைந்த கொள்ளளவியின் திருகுகுமிழைத் திருப்பினால், மீற்றர் ஊசி ஓரிடத்தில் சட்டென்று கீழே இறங்கும். சுருளும் கொள்ளளவியும் படிகத்தின் மீடிறனோடு ஒத்திசைந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். உடனே அந்த மின்குமிழ் எரியும். அதை எரியவைப்பது வீட்டு மின்சாரம் அல்ல, வானொலி அலையின் சக்தி!

நாவுலவைச் சுற்றி மலைகள். அலை எப்படி யாழ்ப்பாணம் போய்ச் சேரும்? மலையைத் துளைத்துப் போவதில்லை. மேலே ஏறி, நூறு கிலோமீற்றருக்கு மேலேயுள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்குகிறது. நடுவில் கோபுரமோ கேபிளோ வேண்டியதில்லை. 2004 சுனாமியின்போது தொலைபேசிகள் செயலிழந்த ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி போக ஹாம் வானொலிக்காரர்கள் உதவியதும் இத்தகைய சிற்றலையில்தான்.

உங்களுக்கும் ஆசை வருகிறதா? இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொள்ளளவிகளில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். விடயம் தெரிந்த பெரியவர் இல்லாமல் எந்த வால்வுப் பெட்டியையும் திறக்காதீர்கள். அலைபரப்புவதற்குப் பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அப்போது 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி உங்களுக்கும் கிடைக்கலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம்: பழைய கைவிளக்கு ஒன்றைத் திறந்து, அதன் சுற்றைத் தாளில் வரைந்து பாருங்கள். விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.