பழைய தொலைபேசியும் வங்கிப் பணமும்

பதுளை, பசறை, ஹாலிஎல தோட்டப்புறங்களில் ஒரே கையடக்கத் தொலைபேசியை முழுக் குடும்பமும் பயன்படுத்தும் வீடுகள் பல. பிள்ளைகளின் விளையாட்டுச் செயலிகளும் பெற்றோரின் வங்கிச் செயலியும் அதிலேயே இருப்பது ஆபத்தானது. பழைய தொலைபேசியொன்றை வங்கித் தேவைக்கென ஒதுக்கி வீட்டில் வைத்திருப்பது நல்ல யோசனையே.

எனினும், பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத தொலைபேசி பூட்டில்லாத பெட்டகத்துக்கு ஒப்பானது. அன்ட்ரொய்ட் 12 பதிப்புக்கான திருத்தங்களை கூகுள் 2025 மார்ச்சுடன் நிறுத்திவிட்டது. எனவே, தொலைபேசியின் பதிப்பையும் இறுதித் திருத்தத் திகதியையும் முதலில் பார்த்தல் அவசியம்.

திருத்தம் தொடர்ந்து கிடைக்குமாயின், பழைய தரவுகளை முற்றாக அழித்து, வங்கிச் செயலியை மட்டும் நிறுவ வேண்டும். வங்கி அனுமதிக்குமாயின், ஒருமுறைக் கடவுச்சொல் வரும் சிம் அட்டை மற்றைய தொலைபேசியில் இருக்கட்டும்; ஒன்று களவுபோனாலும் பணம் தப்பும். கிடைக்காவிடின், வங்கிக் கிளைக்குச் செல்லும் பஸ் கட்டணம் வீண்செலவன்று.